எல்லையோரப் பள்ளியில் ஆங்கிலம்: தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறையிலோ வண்டிப்பெரியாறிலோ ஓர் எல்.பி. ஸ்கூலின் தமிழ் டிவிஷனில் முதன்முதலாக வகுப்பெடுக்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். தினக்கூலியில் வந்த ஆசிரியராக இருக்கலாம். மாலையில் வாசகசாலைத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் பட்டதாரியாக இருக்கலாம். தன் பிள்ளைக்குத் தானே சொல்லித்தர நினைக்கும் பெற்றோராகவும் இருக்கலாம். பயிற்சிக் கல்லூரியில் படித்தவற்றில் பெரும்பகுதி ஒரே மொழி பேசும் ஊருக்காக எழுதப்பட்டது. இங்கே நிலைமை வேறு. ஏழெட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று எழுத்துமுறைகளைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊர்களின் வரலாறு அப்படி. 1956இல் கேரளம் உருவானபோது தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் வழியாகவும், சித்தூர் கொச்சி ராஜ்ஜியத்தின் வழியாகவும், பாலக்காட்டின் மற்ற பகுதிகள் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்தும் வந்து சேர்ந்தன. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 இலட்சம் பேர். இவர்களுக்காக மாநிலக் கல்வித்துறை தமிழ்வழிப் பாடநூல்களையும் வெளியிடுகிறது. 2024இலும் 2025இலும் பாடநூல்கள் புதுப்பிக்கப்பட்டன. நூல் கையில் வந்தபின் என்ன செய்வது என்பதுதான் நம் கவலை.

படி 1: வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள்

சேர்க்கைப் பதிவேட்டில் 'தாய்மொழி: தமிழ்' என்று இருப்பதோடு நிற்காதீர்கள். சித்தூர் தாலுகாவில் வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் பேசுவது கொங்குத் தமிழ். பிள்ளை "என்னங் டீச்சர்" என்று கேட்கும். மூணாறு, பீர்மேடு எஸ்டேட்டுகளில் திருநெல்வேலி, மதுரை, தேனிப் பக்கத்துப் பேச்சு நான்கைந்து தலைமுறையாக மலையாளச் சொற்களோடு கலந்து கிடக்கிறது. மறையூர், வட்டவடை, காந்தளூரில் வேறொரு பழைய தமிழ். இடமலைக்குடி முதுவான் பிள்ளை வீட்டில் முதுவான் மொழி பேசுகிறது; அட்டப்பாடி இருளப் பிள்ளைக்கு இருள மொழி. இரண்டும் தமிழுக்கு நெருக்கமாக இருந்தாலும் பாடநூல் தமிழ் அவர்களுக்கே ஒரு புதுமொழிதான். இப்போது ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேலைக்கு வந்திருக்கும் ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்களின் பிள்ளைகளும் இதே பெஞ்சில் உட்காருகிறார்கள்.

முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், டிவியில் என்ன பார்ப்பாய். பேச்சு எந்த மொழியில் சரளமாக வருகிறதோ அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை சொல்லும் வட்டார வழக்கைத் திருத்தாதீர்கள். முதல் வாரத்தில் திருத்தப்பட்ட பிள்ளை அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் வாய் திறக்காது.

படி 2: ஆங்கிலத்துக்கு முன் தமிழ் வாசிப்பைச் சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆங்கிலம் வாசிக்க வராத மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்தவுடன் நாம் ஆங்கிலத்தைக் கூட்டுகிறோம். டியூஷன் வைக்கிறோம், எழுத்துப் பயிற்சி நோட்டு வாங்குகிறோம். அந்தப் பிள்ளையிடம் நான்கு வரித் தமிழ்ப் பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலும் தடுமாறும். எழுத்துக்கு ஒலி உண்டு, ஒலிகளைச் சேர்த்தால் சொல் வரும், சொல்லுக்குப் பொருள் உண்டு என்ற சங்கதி அதற்கு எந்த மொழியிலும் இன்னும் பிடிபடவில்லை. அது பிடிபட எளிதான இடம் தமிழ்தான். எழுதுவதற்கும் ஒலிப்பதற்கும் இங்கே அதிக தூரமில்லை. சொல்லின் பொருளும் ஏற்கெனவே தெரியும். ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத்திறன் அடுத்த மொழிக்குக் கைமாறும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இல் வாதிட்டார். வகுப்பில் நின்றவர்களுக்கு அது கண்கூடு.

சோதனைக்கு, பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் 'அசர்' ஆய்வு பயன்படுத்தும் முறையே போதும். ஒரே தாளில் நான்கு கட்டம்: தனி எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறுகதை. பிள்ளையைத் தனியாக அழைத்து வாசிக்கச் சொல்லி, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மார்க் போடாதீர்கள்.

எழுத்துக் கட்டத்திலேயே நிற்கும் பிள்ளைக்கு அ, ஆ என்று 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைக்க வேண்டாம். ட, ப, ம என்ற மூன்றோடு தொடங்கினால் புள்ளியையும் சேர்த்துப் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே சொற்களை வாசித்துவிடும். வாசிக்க முடிகிறது என்ற நம்பிக்கைதான் அந்த வாரத்தின் வரவு. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித்தருகிறது. அதன் பயிற்சி நூல்கள் பொள்ளாச்சியிலோ தேனியிலோ தெரிந்த ஆசிரியர் எவரிடமும் இருக்கும். கேட்டு வாங்கிப் பயன்படுத்துவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எழுத்து முதலிலா, சொல்லும் கதையும் முதலிலா என்ற வழக்கு கேரளத்தில் நெடுநாளாக உண்டு. மலையாளத் தொடக்கநிலைப் பாடநூல்களில் இல்லாமல் போயிருந்த அட்சரமாலை 2022இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. வீட்டில் புத்தகம் உள்ள பிள்ளை கதையிலிருந்தே எழுத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். எஸ்டேட் லயத்தில் புத்தகமே இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு எழுத்தை வெளிப்படையாகக் கற்றுத்தர வேண்டும். அதோடு கதையும் வேண்டும்.

படி 3: ஓணம் வரை காதுக்கு மட்டும்

ஜூன் பிரவேசனோத்சவத்திலிருந்து ஓணப் பரீட்சை வரை ஒன்றாம் வகுப்புக்கு ஆங்கிலத்தை எழுத்தாகக் காட்டாமல் ஒலியாக மட்டும் கொடுங்கள். உட்கார், நில், திரும்பு, கதவைத் திற, மழை பெய்கிறதா பார் என்பவற்றை ஆங்கிலத்தில் சொல்லி, நீங்களே செய்து காட்டுங்கள். பிள்ளைகள் செய்தால் போதும், பதில் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த முறை இது. பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாததால் கூச்சமுள்ள பிள்ளைக்கு மிகவும் ஏற்றது.

மூன்று, நான்காம் வகுப்பென்றால் வேலையைக் கொஞ்சம் கூட்டலாம். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு முயற்சி நடத்தினார். இலக்கணத்தைப் பாடமாக வைக்காமல் ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றைப் பார்த்துத் தீர்க்க வேண்டிய கணக்குகளை ஆங்கிலத்தில் கேட்டார். விடை தேடும் மும்முரத்தில் பிள்ளை மொழியை உள்வாங்கிக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இன்று படிக்கும் அந்த முயற்சி நம் பக்கத்துப் பள்ளிகளில் நடந்தது. நீங்கள் மூணாறு–தேனி பஸ் நேரங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். பூப்பாறையில் ஏறுகிறவர் போடியில் எத்தனை மணிக்கு இறங்குவார், அதற்கு முந்தைய பஸ் எது என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். பிள்ளை தமிழில் பதில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கேள்வி புரிந்திருக்கிறது.

படி 4: எழுத்தின் பெயரையும் ஒலியையும் பிரித்துக் காட்டுங்கள்

தமிழில் 'ம' என்ற எழுத்தின் பெயரும் 'ம', ஒலியும் 'ம'. ஆங்கிலத்தில் 'எச்' என்ற பெயரில் அந்த எழுத்தின் ஒலியே இல்லை, 'டபிள்யூ'வும் அப்படித்தான். தமிழில் வாசிக்கத் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைகூட இங்கே திகைக்கும்: 'சி, ஏ, டி' என்று மூன்று பெயரையும் சரியாகச் சொல்லிவிட்டு, அவற்றைச் சேர்த்தால் பூனை எப்படி வருகிறது என்று புரியாமல் விழிக்கும். அதனால் ஒலியை முதலில் கொடுங்கள்; பெயர் பிறகு வரட்டும்.

வரிசையும் முக்கியம். எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளின் ஒலியோடு தொடங்குவது பல நாடுகளில் உள்ள வழக்கம். இந்த ஆறையும் வைத்தே பின், டின், டேப், பேன் என்று பிள்ளைக்குத் தெரிந்த பொருள்கள் பலவற்றை வாசிக்கலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆகவே சிறிய எழுத்திலேயே தொடங்கி, பெரியதைப் பெயர் எழுதும்போது காட்டுங்கள். முதல் நாளே 52 வடிவங்களைச் சுவரில் ஒட்டினால் பிள்ளை மிரளும்.

அடுத்து நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல். ஆங்கிலத்தில் பூனைக்கான சொல்லையும் வாசற்கதவுக்கான சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: கேட், கேட். தமிழ் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஆனால் தமிழ்ப் பேச்சில் அது இருக்கிறது. 'அக்கா'வில் வரும் ககரமும் 'தங்கச்சி'யில் வரும் ககரமும் ஒன்றல்ல. பிள்ளை தினமும் இரண்டையும் சரியாகவே ஒலிக்கிறது. அதையே பாடமாக்குங்கள்:

அக்கா – தங்கச்சி
அப்பா – தம்பி
பாட்டி – வண்டி

தொண்டையில் விரல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். இடப்பக்கச் சொற்களின் நடுவே அதிர்வு நின்று மறுபடி வரும். வலப்பக்கச் சொற்களில் 'ங்க', 'ம்ப', 'ண்ட' வருமிடத்தில் நிற்காமல் ஓடும். பிறகு ஆங்கில எழுத்துக்கு அந்தப் பெயரையே வையுங்கள்: பேனாவுக்கு 'அப்பா' ஒலி, பஸ்ஸுக்குத் 'தம்பி' ஒலி, பூனைக்கு 'அக்கா' ஒலி, வாசற்கதவுக்குத் 'தங்கச்சி' ஒலி. சகரத்துக்கு மூன்று தேவைப்படும்: சாமி, பச்சை, மஞ்சள். நாற்காலி 'பச்சை'யில் தொடங்கும், ஜாம் 'மஞ்ச'ளில், சோப்பு 'சாமி'யில். எந்த வழிகாட்டி நூலிலிருந்தும் இரவல் வாங்க வேண்டாம். பிள்ளையின் வாயிலேயே எல்லாம் இருக்கிறது.

இந்த இடத்தில் மலையாளம் பெரிய துணை. மலையாள எழுத்தில் இந்த ஒலிகளுக்கெல்லாம் தனித்தனி எழுத்து உண்டு. மலையாளம் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் "மலையாளத்தில் எழுதினால் எந்தக் 'க' போடுவாய்?" என்று கேட்டால் உடனே சொல்லிவிடும். பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கி 2017இல் வந்த மலையாள மொழி கற்றல் சட்டத்துக்குப் பிறகு மலையாளத்தைத் தலையில் ஏற்றிய சுமையாகப் பார்க்கும் பெற்றோர் உண்டு. அந்த வருத்தத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் வகுப்பறைக்குள் அது ஆங்கிலத்துக்கு வழிகாட்டும் மொழி. பக்கத்து டிவிஷன் மலையாள டீச்சரிடம் இதைச் சொல்லி, இருவரும் கலந்து பாடம் திட்டமிட்டால் இரண்டு வகுப்புக்கும் நல்லது.

ஒரே எச்சரிக்கை, வடிவங்கள் பற்றியது. தமிழ் 'ட' ஆங்கிலப் பெரிய 'எல்' போலிருக்கும். அதே ஒலிக்கான மலையாள எழுத்தோ ஆங்கில 'எஸ்' போல இருக்கும். தமிழ் 'ப' ஆங்கில 'யூ'வை ஒத்தது. இப்படி ஒன்றோடொன்று மயங்கும் எழுத்துகளை ஒரே வாரத்தில் இரண்டு மொழி வகுப்பிலும் அறிமுகப்படுத்தாதீர்கள். பிள்ளை 'எஸ்' என்பதை 'ட' என்று வாசித்தால் அது மந்தமல்ல. வேறொரு எழுத்துமுறையில் சரியான விடை.

உச்சரிப்பில் எதைத் திருத்துவது? சொல்லின் பொருளோ எழுத்துக்கூட்டலோ மாறுமிடத்தை மட்டும். 'இஸ்கூல்' என்று சொன்னால் எழுதும்போதும் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்க்கும். 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டச் சொல்லி அப்படியே 'கூல்' சேர்க்கச் சொல்லுங்கள். 'புக்கு', 'பென்னு' என்பதன் கடைசி உகரமும் எழுத்தில் புகும், அதையும் கவனியுங்கள். மற்றபடி பிள்ளையின் ஆங்கிலத்தில் சித்தூர் வாடையோ மூணாறு வாடையோ அடித்தால் அடிக்கட்டும்.

படி 5: பிள்ளையின் ஊரையே பாடநூலாக்குங்கள்

கிறிஸ்துமஸ் பரீட்சைக்குள் சொற்கள் வந்துவிட்டால் ஜனவரியில் வாக்கியம். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் நடுவில். விதியாகச் சொன்னால் ஏறாது. நிறைய வாக்கியங்களைக் கேட்டும் வாசித்தும்தான் பழகும். அதற்குத் தெரிந்த விஷயத்தில் வாக்கியங்கள் வேண்டும்.

சின்னக்கானல் பிள்ளைகளுக்கு அரிக்கொம்பனைத் தெரியும். அந்தக் காட்டுயானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியார் காட்டில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. இந்தக் கதையைப் பிள்ளைகளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆளுக்கொன்று சொல்ல, நீங்கள் ஐந்தே ஐந்து சிறு ஆங்கில வாக்கியங்களாகச் சார்ட்டில் எழுதுங்கள்: யானை வந்தது, அரிசி தின்றது, லாரியில் போனது. அந்தச் சார்ட் ஒரு வாரம் சுவரில் இருக்கட்டும். தாங்கள் சொன்ன கதை என்பதால் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். முதலமடையில் மாம்பழச் சீசன், வட்டவடையில் கேரட் அறுவடை, எஸ்டேட்டில் கொழுந்து எடை போடுவது என்று எல்லாமே பாடம்தான்.

கதைப் புத்தகத்துக்கு வழி இருக்கிறது. 1996 முதல் இயங்கும் சென்னை தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள படக்கதைகளை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் ஒரே கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். திங்கள் தமிழில், புதன் ஆங்கிலத்தில் வாசியுங்கள். கதை முன்பே தெரிந்திருப்பதால் ஆங்கிலம் பயமுறுத்தாது.

படி 6: படிக்காத அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

காலையில் கொழுந்தெடுக்கப் போய்ச் சாயங்காலம் திரும்பும் அம்மாவிடம் "வீட்டில் சொல்லிக்கொடுங்கள்" என்று டைரியில் எழுதி அனுப்புவது அவரை அவமானப்படுத்துவது. அவரால் முடிந்ததைக் கேளுங்கள். ராத்திரி பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் கேட்கட்டும். சரியா தப்பா என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டால் போதும். தன் ஊர்க்கதை ஒன்றைத் தமிழில் சொல்லட்டும். பிள்ளையின் சொல்வளம் அங்கேதான் வளர்கிறது. ஆங்கில வாசிப்புக்கும் அதுதான் முதல்.

போன் இருந்தால் வாரம் ஒருமுறை கதையை உங்கள் குரலில் பதிந்து வாட்ஸாப்பில் அனுப்புங்கள். பள்ளிகள் மூடிக்கிடந்த 2020இல் கைட் விக்டர்ஸ் சேனலின் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தமிழ்வழியிலும் வந்தன. ஆனால் சிக்னல் இல்லாத எஸ்டேட்டுகளில் அவை எட்டவில்லை. இன்றும் எல்லா லயத்திலும் சிக்னல் கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். அச்சடித்த ஒற்றைத் தாள் எங்கும் போய்ச்சேரும்.

படி 7: "இங்கிலீஷ் மீடியத்தில் போடட்டுமா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கேட்பவரைப் பழிக்காதீர்கள். பிளஸ் ஒன் போனால் பாடங்கள் ஆங்கிலத்தில். வேலைக்கும் ஆங்கிலம் கேட்கிறார்கள். தான் பட்ட பாட்டைப் பிள்ளை படக்கூடாது என்று நினைக்கும் தோட்டத் தொழிலாளியின் ஆசை நியாயமானது.

ஆனால் பதிலை நேராகச் சொல்லுங்கள். வீட்டில் ஆங்கிலம் ஒரு சொல்லும் காதில் விழாத பிள்ளை முதல் வகுப்பிலேயே கணக்கையும் சூழலியலையும் ஆங்கிலத்தில் படித்தால், மனப்பாடம் செய்யும், புரிந்துகொள்ளாது. நான்காம் வகுப்பில் தமிழும் வாசிக்க வராமல் ஆங்கிலமும் வராமல் நிற்கும். தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தை முதல் வகுப்பிலிருந்தே நல்ல ஒரு பாடமாகப் படிக்கும் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் எந்த வழிக்கும் மாறத் தயாராக இருக்கும். இதை நீங்கள் சொன்னால் மட்டும் பெற்றோர் நம்பமாட்டார்கள். டிசம்பரில் அவர்களை வகுப்புக்கு அழைத்து, பிள்ளை இரு மொழியிலும் வாசிப்பதைக் காதால் கேட்க வையுங்கள்.

படி 8: உரிமையைக் கேட்டு வாங்குங்கள்

மேலே சொன்ன எதுவும் தமிழ் தெரியாத ஆசிரியரால் நடக்காது. எல்லைப் பகுதித் தமிழ் டிவிஷன்களில் பணியிடம் காலியாகக் கிடப்பதும், தமிழ் அறியாதவர் நியமிக்கப்படுவதும், தமிழ்ப் பாடநூல் தாமதமாக வருவதும் பழைய முறையீடுகள். சட்டம் பெற்றோர் பக்கம் இருக்கிறது. 1956இல் ஏழாம் திருத்தத்தின் வழியாகச் சேர்ந்த அரசமைப்பின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, நடைமுறையில் இயன்றவரை பயிற்றுமொழி தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த பிடிஏ கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். தமிழ் டிவிஷனில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் எத்தனை பேர், காலியிடம் எத்தனை, தமிழ்ப் பாடநூல் எந்தத் தேதியில் வந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகலோடு ஏ.இ.ஓ. அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால், பிள்ளையின் டீச்சரைக் கேளுங்கள்.